2024-25 ஆண்டறிக்கை: டிரம்ஸின் பெரிய சத்தத்தைத் தேடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கோவை வட்டாரத்தில் ஒலிப்பதிவு, மேடை ஒலியமைப்பு வேலைகளில் இருப்பவர்களுக்கான நம் சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்ததில் உறுப்பினர் எண்ணிக்கை 47 ஆகியிருக்கிறது. வாடகை, மின்கட்டணம், ஸ்டாண்டு பழுதுபார்ப்பு பற்றிய விவரங்கள் பொருளாளரின் கணக்கில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

சென்ற பொதுக்குழுவில், தேவாலய இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நம் இளம் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். "நேர்ல கேட்டா நெஞ்சுல இடிக்குது. ரெக்கார்டிங்ல கேட்டா அட்டைப்பெட்டியத் தட்டற மாதிரி இருக்கு. ஏன் சார்?" அன்று யாரிடமும் சரியான பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவே ஆண்டு முழுவதும் நாம் கூடினோம் என்று சொல்லலாம்.

ஆண்டு இரங்கலோடு தொடங்கியது. 2024 மே மாதம் அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி தம் 61ஆம் வயதில் காலமானார். நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தை 1993 பிப்ரவரியில், மின்னசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் ஊரில் உள்ள பாக்கிடெர்ம் ஸ்டுடியோவில் இரண்டே வாரத்தில் பதிவு செய்தவர் அவர். தயாரிப்பாளர் என்று தம்மை அழைப்பதை விரும்பாதவர். பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்பார். இசைக்குழுவின் விற்பனையில் பங்கு கேட்பது நியாயமல்ல என்று சொல்லி, வேலைக்கு மட்டும் கூலி வாங்கினார். சிகாகோவில் அவர் கட்டிய ஸ்டுடியோவின் சுவர்களுக்கு வெயிலில் காயவைத்த மண் செங்கல்லைப் பயன்படுத்தினார். கருவிகளை எந்த அறையில் வாசிக்கிறோம் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. மே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை யாரும் பேசாமல் கேட்டோம்.

ஜூலைக் கூட்டம் லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி கான்சஸ் ஜோ மெக்காய், மெம்பிஸ் மின்னி இருவரும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டை எடுத்து இவர்கள் புதிதாக வாசித்தார்கள். 1971 நவம்பரில் வந்த அந்தப் பதிவு டிரம்ஸோடுதான் தொடங்குகிறது. முதல் நான்கு அடியைக் கேட்டதும் அறையில் ஒருவர் "இது எந்த ரிவெர்ப்?" என்றார். அறையின் எதிரொலி போலச் சேர்க்கும் கருவியைக் கேட்டார். பெரும்பாலும் அது ஒரு வீட்டின் படிக்கட்டு.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம். 1795இல் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியை அதன் வாசலில் நிறுத்தி, உள்ளே வாசித்தார்கள். குழுவின் டிரம்மர் ஜான் பானமின் டிரம் கிட் (முழு டிரம்ஸ் தொகுதி) கூடத்தில், மாடிப்படியின் அடியில் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல் மாடியிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகளைக் கீழே தொங்கவிட்டார். காலால் அடிக்கும் பெரிய டிரமான கிக்குக்குத் தனி மைக் இல்லை. அந்த இரண்டு மைக்கையும் கம்ப்ரஸரில் (உரத்த சத்தத்தைத் தணிக்கும் கருவி) நன்றாக அமுக்கி, பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவியையும் கொஞ்சம் சேர்த்தார்கள். டிரம்ஸுக்கு வைத்த மைக் அவ்வளவுதான்.

இரண்டே மைக் அவ்வளவு பெரிதாகக் கேட்டதன் காரணத்தைத் தேடியதில்தான் இந்த ஆண்டின் பெரும்பகுதி போயிற்று. நாம் வழக்கமாக கிட்டில் உள்ள டிரம்களான ஸ்நேர், கிக், டாம் ஒவ்வொன்றையும் ஒட்டி மைக் வைக்கிறோம். தோலிலிருந்து இரண்டு அங்குலத்தில் மைக் கேட்பது அடியை மட்டுமே. அந்தச் சத்தம் சுவருக்குப் போய்த் திரும்பி வருவது அதற்கு எட்டுவதில்லை. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஏழு மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு அடி 20 மில்லி நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தைக் கொண்டுதான் காது இடத்தின் அளவை எடைபோடுகிறது. அல்பினி அறை மைக்குகளின் ஒலியை இன்னும் பத்து, இருபது மில்லி நொடி தள்ளிப்போட்டு, இருக்கும் அறையைவிடப் பெரிய அறையாகக் கேட்க வைப்பார்.

அடுத்தது கம்ப்ரஸர். அடி விழும்போது அது சத்தத்தை அமுக்குகிறது. அடி ஓய்ந்ததும் பிடியை விடுகிறது. அந்த இடைவெளியில் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஒலி மேலே எழும்பி வருகிறது. அறையே மூச்சுவிடுவது போலக் கேட்பது அதனால்தான். டிரம்மர் ஜான் பானமும் அதற்கேற்ப நிதானமாக, அடிக்கும் அடிக்கும் இடையே இடம் விட்டு வாசிக்கிறார். வேகமான பாட்டில் இதே மைக், இதே படிக்கட்டு என்றால் எல்லாம் குழம்பிப்போகும். 26 அங்குல கிக், தோலை அதிகம் மூடாமல் திறந்து விட்ட டிரம்கள், தளர்த்தாமல் கொஞ்சம் ஏற்றியே கட்டிய சுருதி, இவையெல்லாம் மைக் வைப்பதற்கு முன்பே அவர் செய்து வைத்தவை. நம் தவில் வாசிக்கும் உறுப்பினர் இதைக் கேட்டதும், "வாத்தியம் சரியில்லாம மைக்க எங்க வச்சு என்ன?" என்றார். நான் குறிப்பேட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதிக்கொண்டேன்.

செப்டம்பரில் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் மூன்று மாடி வீட்டை ஒரு ஞாயிறு மாலைக்குக் கொடுத்தார். மொசைக் படிகள், வழுவழுப்பான சுவர். கிட்டைக் கீழே போட்டு, இரண்டாம் மாடிக் கைப்பிடியிலிருந்து நைலான் கயிற்றில் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டோம். எதிர்வீட்டுப் பாட்டி மதியம் படுத்திருப்பார் என்பதால் அவர் கோயிலுக்குப் புறப்படும்வரை காத்திருந்தோம். முதல் எடுப்பில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல், அதாவது உலோகத் தட்டு) மட்டுமே அறையை நிரப்பியது. வாசித்த தம்பியிடம் சிம்பலை மென்மையாகவும் ஸ்நேரைப் பலமாகவும் அடிக்கச் சொன்னோம். நாலாவது எடுப்பில் அது வந்தது. எல்லாரும் படியிலேயே உட்கார்ந்து ஹெட்ஃபோனை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக் கேட்டார்கள். மிக்ஸ், அதாவது ஒலிகளை அளவாகக் கலப்பது, வாசிப்பவரின் கையிலேயே பாதி நடந்துவிடுகிறது என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாள் வேறில்லை.

நவம்பரில் இதற்கு நேர் எதிரான வழியைப் பார்த்தோம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம். அங்கிருந்த எஸ்எஸ்எல் கன்சோலில் (ஒலி கலக்கும் மேசை), வாசிப்பவர்கள் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதற்காக ஒரு மைக் இருந்தது. யார் எந்த மூலையில் நின்று பேசினாலும் கேட்க வேண்டும் என்று அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் வைத்திருந்தார்கள். காலின்ஸ் வாசிக்கும்போது அந்த மைக் திறந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் கேட்ட சத்தத்தில் எல்லாரும் திகைத்தார்கள். அது டேப்பில் பதியும் வழியில் இல்லாததால், அதற்கென்று இணைப்பையே மாற்றினார்கள். கன்சோலில் ஒவ்வொரு சேனலுக்கும் 'கேட்' (gate) இருந்தது, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை அடைத்துவிடும் கதவு. பேட்ஜம் அதையும் சேர்த்தார். பெருகி எழும் அறையொலி தேய்ந்து மறையும் முன்பே கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுகிறது. அந்த ஆல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்ததும் இதற்கு உதவியது. சிம்பல் நீண்டு ஒலித்தால் கேட் மூடாது. 1981 ஜனவரியில் வந்த காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில், மூன்றரை நிமிடம் பொறுத்திருந்து விழும் டிரம்ஸ் இதே வழியில் வந்தது. அந்தப் பத்தாண்டு முழுக்க உலகமே அதைப் பின்பற்றியது. எனக்குப் படிக்கட்டுச் சத்தம்தான் பிடிக்கும். ஆனால் காலின்ஸ் அங்கே விட்டிருக்கும் மௌனத்தை மிக்ஸ் செய்யும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு தவறு நேர்ந்தது. அதைப் பதிவு செய்வது என் கடமை. மூடிக் கிடக்கும் நூற்பாலை ஒன்றின் பஞ்சுக் கிடங்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உள்ளூர்க் குழு ஒன்றை முழுநாளும் பதிவு செய்தோம். ஆண்டி ஜான்ஸின் அண்ணன் கிளின் ஜான்ஸின் முறைப்படி, ஒரு மைக் கிட்டுக்கு மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் பக்கம். இரண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்நேரின் ஒலி இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கும். காலையில் கொத்தனார் நூலால் அளந்து வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குச்சி இடிக்கிறது என்று மேல் மைக்கை யாரோ ஒரு சாண் நகர்த்தியிருக்கிறார்கள். நான் மறுபடி அளக்கவில்லை. மிக்ஸில் ஸ்நேரின் உடம்பே காணாமல் போயிருந்தது. இரண்டு மைக்கிலும் ஸ்நேர் ஒன்றாக வந்து சேரும்படி நேரத்தை நகர்த்தினால் டாம் கெட்டது. டாமைச் சரிசெய்தால் கிக் மெலிந்தது. மதியத்துக்கு மேல் வாசித்த மூன்று பாட்டும் வீண். அந்தக் குழுவிடம் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து, வேறொரு நாளில் கட்டணமின்றி மறுபதிவு செய்து கொடுத்தோம். இனி ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் நூல் பிடித்து அளப்பதும், மோனோவில் (எல்லா மைக்கையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டுப் பார்ப்பதும் நம் பதிவுகளில் கட்டாயம்.

அடுத்து, உங்கள் முடிவுக்கு வரும் பொருள். சேர்ந்திருக்கும் உபகரண நிதியில் விலையுயர்ந்த டிரம் சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த அடிகள்) தொகுப்பு வாங்கலாம் என்று ஒரு தீர்மானம், அந்தப் பஞ்சுக் கிடங்கை மாதம் மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு தீர்மானம், இரண்டும் வந்திருக்கின்றன. சாம்பிள் குற்றமல்ல. 1991இல் லாஸ் ஏஞ்சலஸ் வேன் நைஸில் உள்ள சவுண்ட் சிட்டியில் புட்ச் விக் பதிவு செய்த நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸ், குழுவின் டிரம்மர் டேவ் குரோலின் டிரம்ஸோடு சாம்பிளையும் கலந்தார். ஆனால் அந்தச் சாம்பிளுக்கு அடியில் ஒரு நல்ல அறையின் நல்ல பதிவு ஏற்கெனவே இருந்தது. நம்மிடம் இல்லாதது அதுதான். சாம்பிள் என்பது வேறு யாரோ, வேறு அறையில், ஒரு நாள் அடித்த அடி. நம் தம்பி பாட்டின் கடைசிச் சரணத்தில் கொஞ்சம் ஆவேசமாக அடித்தால் கிடங்கின் சுவர் அவருக்குப் பதில் சொல்லும். சாம்பிள் சொல்லாது. செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலையில் இருந்தே வாக்கெடுப்பை நடத்துவேன். உறுப்பினர் என்ற முறையில் என் வாக்கு கிடங்குக்கு.

கிடங்குத் தீர்மானம் நிறைவேறினால் உடனே செய்ய வேண்டியவை: தகரக் கூரையின் தளர்ந்த ஆணிகளை இறுக்க வேண்டும், கிக் அடிக்கும்போதெல்லாம் கூரை கூடவே அதிர்கிறது. மதில் பக்கம் குடியிருப்பவர்களிடம் நேரம் பேசிக்கொள்ள வேண்டும். ரிப்பன் மைக் இரண்டு வாங்கும் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். இருக்கும் மைக்கே போதுமானது.

வீடு கொடுத்த மூத்த உறுப்பினருக்கும், அன்று எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்த அவர் துணைவியாருக்கும், ஆண்டு முழுக்கக் கை வலிக்க வாசித்த தம்பிக்கும் (அந்தக் கேள்வியைக் கேட்டவரும் அவரே) சங்கத்தின் நன்றி. பொருளாளரின் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாக்கெடுப்புக்கு முன், படிக்கட்டில் எடுத்த நாலாவது எடுப்பையும் கிடங்கில் எடுத்த மறுபதிவையும் அரங்கில் ஒலிக்க வைக்கிறோம். மின்விசிறிகளை அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்