பாட்டிலுக்குள் போன பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் சின்ன அளவில் பீர் காய்ச்சுகிறவர்கள், அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கும் ‘ஏல்’ வகை பீரைப் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கும் அனுப்பலாமே என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கட்டுரை முழுக்க லைசென்ஸ், வரி, முதலீடு. பாட்டிலைப் பற்றி ஒரு வரி கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் 22 வருடம் சோடா கம்பெனி நடத்தியவன் நான். அந்த வரியை நான் எழுதிவிடுகிறேன்.

கேஸ் உள்ள சரக்கை அடைப்பது பெரிய வித்தை இல்லை. கோலி சோடா பாட்டிலை மிஷினில் மாட்டி, கேஸை ஏற்றித் தலைகீழாகச் சுற்றினால் போதும். உள்ளிருக்கும் அழுத்தமே கோலியைக் கழுத்து வாஷரில் கொண்டுபோய் ஒட்டிவிடும். வம்பெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு சித்திரையில், நான் இறக்கிவிட்டு வந்த கிரேட்டைக் கடைக்காரர் ஒருவர் வாசல் வெயிலிலேயே போட்டுவிட்டார். மத்தியானம் மூன்று பாட்டில் வெடித்தது. பக்கத்துக் கடைப் பையன் முழங்காலில் சில்லு. தையல் போட்ட செலவு என்னுடையது. வெயிலில் வைத்த மனிதரோ, அந்த மாதக் கணக்கில் மூன்று பாட்டில் காசையும் கழித்துக்கொண்டார்!

சோடாவுக்கு உயிர் கிடையாது. வடிகட்டாத ஏலுக்கு உண்டு. அதில் மிச்சமிருக்கும் ஈஸ்ட், சர்க்கரை கிடைத்தால் பாட்டிலுக்குள்ளேயே தின்று கேஸ் விட்டுக்கொண்டிருக்கும். அளவோடு இருந்தால் நல்ல நுரை. கூடிப்போனால் என் சோடா கதைதான். 20 டிகிரியை ஒட்டிப் புளிக்கிற சரக்கு அது. நம் பக்கத்து மே மாதத்துக் கடை அலமாரியோ 35-ஐத் தாண்டும். பெரிய கம்பெனிகள் அடைத்த பாட்டிலை 60 டிகிரிச் சூட்டில் காட்டி ஈஸ்டைக் கொன்றுவிடுகின்றன. மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான். சின்னவரும் அப்படிச் செய்யலாம். ஆனால் குழாயடியில் நாம் மெச்சிய ருசியில் பாதி அந்தச் சூட்டிலேயே போய்விடும் என்பது என் கருத்து. பிறகு எதற்கு அவர் பாட்டில்?

சூடு காட்டாமல் விட்டால், ஆலையிலிருந்து கடை ஃபிரிட்ஜ் வரை சில்லிப்பு விடாமல் கொண்டுபோக வேண்டும். அரியாங்குப்பம், வில்லியனூர் என்றால் சரி. காரைக்காலுக்கு? எங்கள் கடலூரைத் தாண்டி, சிதம்பரம், சீர்காழி வழியாக 130 கிலோமீட்டர் வண்டி ஓட வேண்டும். அப்படிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும், கரண்டு பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை அணைக்கிற கடைக்காரர்கள் எனக்குத் தெரியும்.

பச்சை, வெள்ளைப் பாட்டில்கள் பார்க்க லட்சணம்தான். ஆனால் பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவுக்கு வெளிச்சம் ஆகாது. கெட்ட வாடை வந்துவிடும். பழுப்புப் பாட்டில்தான் தாங்கும்.

அடைத்த தேதியையும் மூடி ஓரத்தில் குண்டூசி முனை எழுத்தில் ஒளித்து வைக்காமல், பெயர் எந்த அளவோ அந்த அளவில் போடட்டும். வாங்குகிறவன் கண்ணாடி தேடாமல் படிக்க வேண்டும்.

இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் நிருபர் ஏதாவது ஒரு கடை அலமாரியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும். சோடா கம்பெனியில் இருந்த தெர்மாமீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய சோடாக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.