பார்டரில் நீயும் பேச வேண்டும்: தெற்கே கிளம்பும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

அக்டோபர் கடைசியில் கனடாவின் எட்மன்டனை விட்டுக் கிளம்பப் போவதாக உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். முதல் நாள் லெத்பிரிட்ஜ் வரை, மறுநாள் அமெரிக்காவுக்குள் நுழைகிற கூட்ஸ் பார்டர், அப்புறம் ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்து அரிசோனா. நல்ல திட்டம்தான். ஆனால் நீ போனை வாங்கியதும் நான் என்ன கேட்டாலும், “அதெல்லாம் அவர் பாத்துக்குவாருக்கா, எனக்கு என்ன தெரியும்” என்றாய். அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி வாங்கி, குளிர்காலத்துக்குத் தெற்கே போகிற நம் பெண்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பார்டரில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்ஸ் கனடாவின் ஆல்பர்ட்டா பக்கத்து ஊர், ஸ்வீட்கிராஸ் அமெரிக்காவின் மொன்டானா பக்கத்து ஊர். 24 மணி நேரமும் திறந்திருக்கும். வரிசையில் நகர்ந்து நகர்ந்து பூத் முன்னால் நின்றதும் எஞ்சினை அணைத்து, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட வேண்டும். ஆபீசர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவரிடம் நாலு கேள்வி கேட்பார். எங்கே வீடு, எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், துப்பாக்கி இருக்கிறதா, மது இருக்கிறதா. அதோடு முடிந்தது என்று நீ நினைக்கும்போது, அவர் கொஞ்சம் குனிந்து உன்னைப் பார்த்துக் கேட்பார்: “நீங்கள் எப்போது திரும்பி வருகிறீர்கள்?” அந்த நேரத்தில் நம் பெண்கள் வீட்டுக்காரரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அது மரியாதை. பார்டரில் பார்க்கிறவருக்கு அது சந்தேகம். இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பார்டரில் கேட்கிற கேள்விகளில் பாதி உன் கையில் இருக்கிற பொருள்களைப் பற்றியது. ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது, டப்பாவில் என்ன பொடி, பையில் என்ன மாத்திரை, கழுத்தில் என்ன நகை. ஒரு தடவை ஒரு ஆபீசர் அத்தானிடம், “உள்ளே என்ன சாப்பாட்டுச் சாமான் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அத்தான் தடுமாறினார். நான்தான் பக்கத்து இருக்கையிலிருந்து வரிசையாகச் சொன்னேன்: அரிசி, துவரம்பருப்பு, தோசைமாவு, தயிர், வெங்காயம், சாம்பார்பொடி. அவர் கேட்டுக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். சமையலறை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அங்கே பேச வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உன் ஜன்னலோரத்தில் தொட்டியில் வளர்க்கிறாயே, அந்தக் கறிவேப்பிலைச் செடியை வண்டியில் ஏற்றாதே. கிள்ளிய இலையும் கூடாது. நீ குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ளும் செடி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு ஒரு நோயைப் பரப்புகிறது. மரம் பிழைப்பதில்லை, மருந்தும் கிடையாது. 2005-இல் ஃபுளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம் அங்கே ஆரஞ்சு விளைச்சல் அடியோடு சரிந்துவிட்டது. நீங்கள் போகிற அரிசோனாவிலும் எலுமிச்சைத் தோட்டங்கள் உண்டு. ஆகவே அந்த ஆபீசர் ஒரு கொத்து இலையைப் பிடுங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. எலுமிச்சம்பழமும் ஆரஞ்சும் அப்படியே, கனடாக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் வேண்டாம். விறகையும் விட்டுவிடு. இறைச்சி, முட்டை விதிகள் பறவைக் காய்ச்சல் போன்ற காரணங்களால் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புகிற வாரம் பார்த்துக்கொள். எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடு. சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துப்போட்டுவிடுவார்கள். சொல்லாமல் இருந்து அவர்களாகக் கண்டுபிடித்தால் அபராதம்.

பொடிகளுக்கு லேபிள் ஒட்டு. அம்மா வீட்டிலிருந்து வந்த சுக்குப்பொடி, பழனி விபூதி, சத்துமாவு எல்லாம் ஜிப்லாக் பையில் பெயர் இல்லாமல் கிடக்கும். பார்க்கிறவருக்கு அது வெறும் வெள்ளைப் பொடி, பழுப்புப் பொடி. ஒரு துண்டு டேப்பில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்ட இரண்டு நிமிஷம் ஆகுமா? மாத்திரைகளை மருந்துக்கடை ஒட்டிய பெயரோடு அந்தந்த பாட்டிலிலேயே வை. கிழமைப் பெட்டியில் பிரித்துப் போடுவதை அந்தப் பக்கம் போனதும் செய்துகொள்ளலாம். பொதுவாக 90 நாளைக்கான மருந்துதான் கணக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் இப்போதே பேசு. இன்னொன்று. முழங்காலுக்கு நீ தடவுகிற, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சி.பி.டி. எண்ணெய் வீட்டிலேயே இருக்கட்டும். கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 முதல் சட்டபூர்வம்தான், ஆனால் அதையும் அதிலிருந்து எடுத்த எந்தப் பொருளையும் பார்டர் தாண்டி எடுத்துப்போவது குற்றம். வலிக்குத்தானே என்று யாரும் விடமாட்டார்கள்.

நகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போகும்போது பிரச்சினை இல்லை, திரும்பும்போதுதான் கனடா ஆபீசர், “இது அங்கே வாங்கியதா?” என்று கேட்கலாம். தாலிச்சங்கிலியையும் இரண்டு வளையலையும் தவிர மற்றதை லாக்கரில் வை என்பது என் கருத்து. எடுத்துப்போவதாக இருந்தால் கனடா நகைக்கடைக்காரரிடம் மதிப்பீட்டு அறிக்கையும், அவர் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்ட போட்டோவும் வாங்கி வைத்துக்கொள்.

இனி நாள் கணக்கு. கனடாக்காரர்கள் பொதுவாக ஆறு மாதம் வரை இருக்கலாம். ஆனால் கணக்கு உன் டைரியிலும் இருக்க வேண்டும், அவர் தலையில் மட்டும் இருந்தால் போதாது. நீ ஒரு நாட்டுக்குள் நுழைவது மற்ற நாட்டுக்கு நீ வெளியேறியதாகவே பதிவாகிறது. இரண்டு அரசும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன, மழுப்ப முடியாது. வருஷா வருஷம் நாலு மாதத்துக்கு மேல் தங்கினால், நம் வேர் கனடாவில்தான் என்று காட்டும் 8840 என்ற படிவத்தை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டிவரும். இருவரும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், அவர் அனுப்பியது உனக்குச் சேராது. 2025 ஏப்ரல் முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றும் ஆகிவிட்டது. பார்டரிலேயே கட்டணம் கட்டி ஐ-94 என்ற நுழைவுப் பதிவை வாங்கினால் அது பதிவாகிவிடும். எவ்வளவு நாள் என்று கேட்டால் “மார்ச் கடைசியில் திரும்புகிறோம், வீடு எட்மன்டனில் இருக்கிறது” என்று இருவரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். வீட்டு வரி ரசீது ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆர்.வி. நிறுத்தும் முகாமில் இடம் இலவசமாகத் தருகிறோம், அதற்குப் பதிலாக ஆபீசில் உதவி செய்யுங்கள் என்று யாராவது அழைத்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கைமாறாவிட்டாலும் அது வேலைதான். வேலை பார்க்க நமக்கு அனுமதி கிடையாது.

மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டக் கூடாது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆல்பர்ட்டா அரசு நாளுக்கு 100 கனடா டாலர்தான் தரும். அங்கே அது எந்த மூலைக்கு? பாலிசியில் உடம்பு “நிலையாக” இருக்க வேண்டும் என்று ஒரு விதி வரும். பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் போன மாதம் மாற்றினார் என்றாயே, அது அந்த விதியில் அடிபடும். குறைத்திருந்தாலும் மாற்றம் மாற்றம்தான். இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிட்டு உன் வாயால் சொல், அவர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கு. உன் உடம்பின் கதையை உன் வீட்டுக்காரர் பாதிதான் சொல்லுவார்.

சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லெத்பிரிட்ஜிலிருந்து கூட்ஸ் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாலு வழிச் சாலை. ஆனால் அந்தப் பக்கத்துக் காற்று பொல்லாதது. பக்கவாட்டில் அடித்தால் நீங்கள் இழுத்துப்போகும் ஆர்.வி. ட்ரெய்லர் தள்ளாடும். காற்று எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் தங்கிவிடுங்கள், பார்டர் எங்கேயும் ஓடிப்போகாது. காலையில் புறப்படும் முன் ட்ரெய்லரை மாட்டியிருக்கும் ஹிட்ச் பின், பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் விளக்கு மூன்றையும் நீயும் ஒரு தடவை தொட்டுப் பார். சாமான் அறைகளின் சாவிக்கொத்து உன் மடியில் இருக்கட்டும். ஓரமாக நிறுத்தித் திறக்கச் சொன்னால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மில்க் ரிவர் ஊர் தாண்டும்போது தென்கிழக்கே மூன்று குன்றுகள் தெரியும், ஸ்வீட் கிராஸ் ஹில்ஸ். பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களுக்கு அவை புனிதமானவை. பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த 1818 ஒப்பந்தத்தில் 49-ஆம் அட்சக்கோட்டை எல்லையாக வைத்தபோது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இன்று அவர்களில் சிலர் ஆல்பர்ட்டாவில், சிலர் மொன்டானாவில். அந்தக் குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். நம்மைப் போல ஓய்வுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பதைப் பெரிய கஷ்டமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று தோன்றும்.

தாண்டியதும் மொன்டானாவில் 80 மைல் வேகம் என்று போர்டு இருக்கும். அது காருக்கு. பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைலுக்குத்தான் செய்யப்பட்டவை, டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அவருக்கு நீ ஞாபகப்படுத்து. 35 மைலில் ஷெல்பி வரும். பார்டர் நாளில் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். காய்கறி, பழம், முட்டை எல்லாம் அங்கேயே வாங்கி நிதானமாக ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுங்கள். தண்ணீர்க் குழாய்கள் குளிரில் உறைந்து வெடிக்காமல் இருக்க ஊற்றியிருக்கும் அந்த ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஐடஹோ எல்லையில் மொனைடா கணவாய் 2,000 மீட்டருக்கு மேல், அங்கே அந்த நேரத்தில் பனி கொட்டும். யூட்டாவின் தெற்கே போகும்வரை கேன் தண்ணீர்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். ஆபீசர் கேட்கிற மாதிரி நான் கேட்பேன், ஸ்பீக்கரில் போடு, உன் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். பதில் மட்டும் நீ சொல்.

அன்புடன்,
அக்கா