கணவாய் முட்டை விற்கும் கடைக்காரர்களுக்கு

கடல் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன வருடம் உங்களில் ஒருவரிடம் குட்டை இன ஓட்டுக்கணவாய் முட்டை எட்டு வாங்கினேன். கருப்புத் திராட்சைக் கொத்து மாதிரி இருந்தன. நாளாக ஆக ஊதி, தோல் மெலிந்து, டார்ச் அடித்தால் உள்ளே பெரிய கண்ணோடு குஞ்சு திரும்புவதே தெரியும். பொரித்ததும் என்ன கொடுப்பது என்று கேட்டேன். ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறால் போதும் என்றார். போதவில்லை. முதல் சில நாள் முட்டையின் மஞ்சள் கரு மிச்சத்தில் ஓடிவிடும், பட்டினி கிடப்பது நமக்குத் தெரியாது. அப்புறம் ஆர்ட்டீமியாவைப் பிடித்துத் தின்றாலும் கணவாய்க் குஞ்சுக்கு வேண்டிய சத்து அதில் இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஆறு செத்தன.

மிச்சம் இரண்டைக் காப்பாற்றியது, ஊரெல்லாம் அலைந்து வாங்கிய உயிருள்ள மைசிட், இறால் மாதிரி இருக்கும் சின்ன உயிரி. முதல் மைசிட் உள்ளே விழுந்ததும் குஞ்சு அசையாமல் நின்றது, நிறம் கருத்தது, எட்டுக் கையையும் ஒன்றாகக் குவித்து நீட்டியது, நடுவிலிருந்து இரண்டு நீளக் கை பாய்ந்து திரும்பியபோது இரையைக் காணோம். நகத்தளவு உடம்பு அது! ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை இப்படித் தின்னும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் உறைந்த இறாலை இளக வைத்துக் குச்சியில் குத்தி ஆட்டிக் காட்டிப் பழக்க முடியும்.

அதனால் நேராகவே கேட்கிறேன். உயிருள்ள மைசிட் கொடுக்க வழி இல்லாதவர்கள் முட்டை விற்காதீர்கள். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டியில் முட்டையை வைக்காதீர்கள். கணவாயின் நீல ரத்தத்திலேயே தாமிரம்தான் இருக்கிறது, ஆனாலும் தண்ணீரில் தாமிரம் கலந்தால் அது தாங்காது. நம் கடலில் வலையில் வரும் பெரிய ஓட்டுக்கணவாயின் வெள்ளை முட்டையைக் குட்டை இனம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், அதன் உடல் மட்டுமே 40 செ.மீ. வரை வளரும், எந்த வீட்டுத் தொட்டி தாங்கும்? குட்டை இனத்துக்கே, ஒன்றுக்கு, 100 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நன்றாக வளர்த்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆயுள் என்பதையும் வாங்குகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, எட்டாம் மாதம் ஒன்று சோர்ந்து தரையில் கிடந்தபோது ஏதோ நோய் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை முட்டை வரும்போது, பக்கத்துத் தொட்டியில் மைசிட் நீந்துவதைக் காட்டிவிட்டுப் பில் போடுங்கள். சரி என்றால் முதல் ஆளாக நான் வருகிறேன்.