பயிற்சிப் போட்டிக்கு ஸ்கோர் எழுதப் போகும் மகளுக்கு

ஹட்டன்

அன்பின் மகளுக்கு,

சுற்றுப்பயணம் வரும் அணியின் மூன்று நாள் பயிற்சிப் போட்டிக்கு உன்னை ஸ்கோரராகப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். கழகப் போட்டிகள் எழுதிப் பழகிய கைதான் உனக்கு. ஆனால் இது வேறு சாமான்.

முதலில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள். வெல்ல வேண்டும் என்பது வந்த அணிக்குக் கடைசிக் கவலை. அவர்களுடைய பயிற்றுநர் கையில் ஒரு சீட்டு இருக்கும்: ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் இரண்டு மணித்தியாலமாவது களத்தில் நிற்க வேண்டும், காயம் ஆறி வந்த வேகப்பந்து வீச்சாளர் ஐந்து ஐந்து ஓவராக மூன்று முறை வீச வேண்டும், விக்கெட் காப்பாளர் தாழ்ந்து வரும் பழைய பந்துக்குக் குனிந்து பழக வேண்டும். நம் பக்கம் ஆடுகிற பிள்ளைகளுக்கோ அது பரீட்சை. தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் ஒத்திகை, மறுபக்கம் பரீட்சை. இரண்டுக்கும் நீ எழுதுவதுதான் சாட்சி.

நாணயச் சுழற்சிக்கு முன் இரண்டு அணியின் முகாமையாளர்களிடமும் நடுவர்களிடமும் போய்க் கேள். வெட்கப்படாதே. பெயர்ப்பட்டியலில் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் துடுப்பெடுத்தாடலாம்? பத்தாவது விக்கெட்டோடு இன்னிங்ஸ் முடியுமா, பன்னிரண்டாவது வரை போகுமா? ஆட்டமிழந்தவர் மறுபடி வரலாமா? ஃபாலோ ஆன், அதாவது பின்தங்கிய அணியை உடனே மறுபடி ஆடவைப்பது, உண்டா? ஒரு நாளைக்கு 90 ஓவரா, அல்லது ஒரு அணிக்கு இத்தனை ஓவர் என்று பிரித்திருக்கிறார்களா? புதுப் பந்து 80 ஓவருக்குப் பிறகா, கேட்ட நேரத்திலா? பதில்களை ஸ்கோர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி, நடுவரிடம் காட்டிவிடு. மூன்றாம் நாள் பின்னேரம் வருகிற சண்டையில் முக்கால்வாசி இந்தப் பக்கத்தால் தீர்ந்துவிடும்.

பதினொரு பேருக்கு மேல் பட்டியலில் இருப்பது விதிக்கு விரோதம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதல் பேரோடு ஆடலாம், களத்தடுப்பில் மட்டும் ஒரே நேரத்தில் பதினொருவருக்கு மேல் நிற்கக் கூடாது என்று முதலாவது விதியே சொல்கிறது. பழைய வழக்கமும்தான். 1882இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது அவர்கள் பதினொருவர், எதிரே நம்மூர் அணியில் பதினெட்டுப் பேர்!

பதினொருவருக்கு மேல் ஆடினால் அது முதல்தரப் போட்டி, அதாவது வீரர்களின் அதிகாரபூர்வச் சாதனைக் கணக்கில் சேரும் பல நாள் போட்டி, ஆகாது. தேயிலைத் தோட்டத்தில் அரைநாள் கணக்காக அரைப்பேர் போடுவார்களே, அந்த மாதிரி: வேலை முழுவேலை, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் விழுவது பாதி. இங்கே பாதிகூட விழாது. அடித்த சதம் வீரரின் முதல்தரக் கணக்கில் ஏறாது. நடுவழியில் தகுதி போவதும் உண்டு. 2013இல் செம்ஸ்ஃபோர்டில் இங்கிலாந்தும் உள்ளூர் அணியான எசெக்ஸும் ஆடியபோது எசெக்ஸ் பந்துவீச்சாளர்கள் காயப்பட்டுப் போக, இங்கிலாந்தின் பாய்ட் ராங்கின் எதிரணிக்காகப் பந்துவீசினார். முதல்தரத் தகுதி அதோடு போயிற்று. ஆகவே தகுதி என்னவென்று முதல் நாளே கேட்டு எழுது, மாறினால் மாறிய நேரத்தையும் எழுது.

உன் தலையைப் பிடித்துக்கொள்ள வைக்கப் போவது ‘ரிட்டயர்ட்’ என்ற சொல்தான். இந்தப் போட்டிகளில் அரைச்சதம் அடித்தவர் துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார், அடுத்தவர் வருவார். ஏன் போனார் என்று நடுவரிடம் கேட்காமல் எதையும் எழுதாதே. காயம், சுகவீனம், தவிர்க்க முடியாத காரணம் என்றால் ‘ரிட்டயர்ட் நாட் அவுட்’: விக்கெட் விழுந்ததாகக் கணக்கில்லை, இன்னொருவர் ஆட்டமிழந்தாலோ ஓய்வுபெற்றாலோ அவர் திரும்பி வரலாம். இடம் விடுவதற்காகப் போனார் என்றால், எதிரணித் தலைவர் சம்மதித்தால் மட்டுமே திரும்பலாம். திரும்பாவிட்டால் ‘ரிட்டயர்ட் அவுட்’. அது விக்கெட்டாக எண்ணப்படும், ஆனால் எந்தப் பந்துவீச்சாளர் பெயரிலும் ஏறாது. பலகையில் 4 விக்கெட்டுக்கு 260 என்று இருக்கும், பந்துவீச்சுப் பத்தியில் விக்கெட் ஒன்றுகூட இராது. பார்க்கிறவன் உன்னைத்தான் பிழை சொல்வான். நாள் முடிவில் கூட்டிப் பார்க்கும்போது பந்துவீச்சாளர் விக்கெட், ரன் அவுட், ரிட்டயர்ட் அவுட் மூன்றையும் சேர்த்தால்தான் விழுந்த விக்கெட் சரிவரும்.

இந்தப் பழக்கம் ஒருமுறை டெஸ்ட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2001இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பங்களாதேஷுக்கு எதிராக மாவன் அத்தப்பத்து 201, மஹேல ஜயவர்தன 150 எடுத்து, மற்றவர்களுக்கு இடம் விட்டு உள்ளே போனார்கள். டெஸ்ட் வரலாற்றில் ரிட்டயர்ட் அவுட் என்று எழுதப்பட்ட முதல் இரண்டு பெயர்களும் அவைதான். டெஸ்ட் போட்டியைப் பயிற்சிப் போட்டி ஆக்கிவிட்டார்கள் என்று திட்டினார்கள். என் கணக்கிலும் அது அழகில்லை.

ஆட்டமிழந்தவர் மறுபடி ஆட வந்தால் பழைய வரியில் தொடராதே. கீழே புது வரி போட்டு, பெயருக்குப் பக்கத்தில் 2 என்று குறி. இலக்கை எட்டிய பிறகும் ஆட்டம் தொடர்வதைப் பார்த்துத் திகைக்காதே. 2024 டிசம்பரில் கன்பராவில் அவுஸ்திரேலியப் பிரதமர் பெயரில் ஆடும் பிரதமர் அணி 240க்கு ஆட்டமிழந்தது. இந்தியா அதைத் தாண்டிய பிறகும் பயிற்சிக்காகத் துடுப்பெடுத்தாடிக்கொண்டே இருந்தது. விதிப்படி வெற்றி ஓட்டத்தோடு ஆட்டம் முடிகிறது. அந்த இடத்தில் சிவப்புக் கோடு கிழித்து, ஓவரையும் நேரத்தையும் எழுதிவிட்டுத் தொடர்ந்து எழுது. பிறகு எது வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

பிழை அதிகம் வருவது ஆட்களை அடையாளம் காண்பதில். பதினான்கு, பதினைந்து பேர் உள்ளே வெளியே போய்வருவார்கள். இலக்கமில்லாத பயிற்சிச் சட்டை, சில நேரம் இன்னொருவருடைய சட்டை. எண்ணை நம்பாதே. இடக்கையா வலக்கையா, சப்பாத்தின் நிறம், ஓடிவரும் விதம், இவற்றைப் பட்டியலுக்குப் பக்கத்தில் சிறு குறிப்பாக வைத்துக்கொள். பிடியெடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதே, இடைவேளையில் கேள். மற்ற ஸ்கோரரோடு ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மொத்தத்தை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடு. கொழுந்து நிறுக்கும்போது எடையை உரக்கச் சொல்லித்தானே எழுதுகிறார்கள்? அதே நியாயம்தான்.

ஓவருக்கு ஒரு வரியாகப் போகும் வரி முறையில் எழுது, ஆளுக்கு ஒரு பெட்டி போடும் பெட்டி முறையில் வேண்டாம். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிறம். பயிற்றுநர் கடைசியில் வந்து கேட்கப்போவது ஓட்டங்களை அல்ல: எத்தனை பந்து சந்தித்தார், எத்தனை நிமிடம் நின்றார், அந்த வேகப்பந்து வீச்சாளர் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்தினார், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஓய்வு. ஓவர் தொடங்கும் நேரத்தை ஓரத்தில் குறித்தால் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

முடிவை வைத்து யாரையும் எடைபோடாதே, அதற்கு நம்ம பல்லேகல சாட்சி. 2016 ஜூலையில் கொழும்பு பி.சரா மைதானத்தில் நடந்த பயிற்சிப் போட்டியில் அவுஸ்திரேலியா இலங்கைப் பதினொருவர் அணியை இன்னிங்ஸ் கணக்கில் தோற்கடித்தது. ஸ்டீவ் ஓ’கீஃப் ஆட்டத்தில் 10 விக்கெட். சில நாளில் பல்லேகலயில் முதல் டெஸ்ட். இலங்கை முதல் இன்னிங்ஸில் 117தான். அப்புறம் குசல் மெண்டிஸ் 176, சுழற்பந்து வீச்சாளர் ஹேரத் ஆட்டத்தில் 9 விக்கெட், அறிமுகமான சந்தகனின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாமல் திணறினார்கள். அவுஸ்திரேலியா 106 ஓட்டங்களால் தோற்றது. தொடர் 3-0. பயிற்சிப் போட்டியில் ஹேரத்தைப் பார்க்காமல் ஹேரத்துக்கு எப்படித் தயாராவது? வந்த அணிக்கு உள்ளூர்க்காரன் நல்ல சுழலைக் காட்டமாட்டான். 2012இல் இந்தியா போன இங்கிலாந்துக்கும் அப்படித்தான் பயிற்சிப் போட்டிகளில் சுழல் அதிகம் கிடைக்கவில்லை. முதல் டெஸ்டில் தோற்றார்கள், ஆனால் தொடரை 2-1 என்று வென்றுவிட்டார்கள். 2023 உலகக் கிண்ணத்துக்கு முன் இந்தியாவின் இரண்டு பயிற்சிப் போட்டிகளும் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போயின. அதன்பின் பத்து ஆட்டம் வரிசையாக வென்றார்கள்.

அதே பி.சராவில், கொழும்பு ஓவல் என்று பெயர் இருந்த காலத்தில், 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கப்பலிலிருந்து இறங்கி ஆடியது. ஆடுகளத்தின் நீளம் 22 யார்டுக்குப் பதில் 20 யார்டு என்று தெரியவந்ததாம். உனக்கு அளக்கிற வேலை இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கடைசி நாள் தேநீருக்குப் பிறகு இரண்டு தலைவர்களும் கைகொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், பெரும்பாலும். உடனே நேரம், ஓவர், பந்து எழுதி, கூட்டல்களைச் சரிபார்த்து, நடுவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் முடிவை உறுதிப்படுத்திக்கொள். அதற்குப் பிறகு நடு ஆடுகளத்தில் வலைப்பயிற்சி மாதிரி வீசிக்கொண்டிருப்பார்கள். அதை எழுத வேண்டாம்.

நாலு நிறப் பேனா, தாள் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை, இரண்டும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பச்சைப் பேனா கொஞ்சம் மை கசியும், சாய்த்து வை.

அன்புடன்,
அப்பா