வளரும் மூளையைப் பற்றிய ஆய்வைத் தள்ளி வைக்காதீர்கள்

மூளை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. அல்சைமர் நோய் வந்த ஒருவரின் மகள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு டாக்டர் அப்பாவிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அழகாகப் போட்டார் அப்பா. பிறகு எண்களை எழுத ஆரம்பித்தவர், பன்னிரண்டையும் வலது பாதியிலேயே நெருக்கி முடித்துவிட்டார். இடது பாதி காலி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சரியில்லை என்பது அவருக்குத் தெரிந்தது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"குழந்தை மாதிரி ஆகிவிட்டார்" என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்தவர் அவர். ஆனாலும் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில், வளரும் மூளைக்கும் சிதையும் மூளைக்கும் வேறொரு உறவு இருப்பது தெரிந்தது. இந்த மடலே அதற்காகத்தான்.

வளரும் மூளை, நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு அதிகமாகவே இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, அப்புறம் வேண்டாதவற்றைக் கழிக்கிறது. எதைக் கழிப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? நரம்பியல் விஞ்ஞானிகளான பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரெஸ் ஆகியோரின் குழு 2007இல் இதற்கு ஒரு விடை சொன்னது. கிருமிகளை அடையாளம் காட்ட நம் உடல் பயன்படுத்தும் சி1கியூ என்ற புரதம், எலிக்குஞ்சின் பார்வைப் பாதையில் கழிபடவேண்டிய இணைப்புகளுக்கும் அடையாளம் வைக்கிறது. அப்படிப்பட்ட இணைப்புகளை மைக்ரோக்ளியா என்னும் காவல் செல்கள் விழுங்குவதும் பின்னர் தெரியவந்தது. ஆரோக்கியமான குஞ்சில் இது நல்ல வேலை.

2016இல் ஸ்டீவன்ஸின் குழு அல்சைமர் போன்ற பாதிப்பு வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளைப் பார்த்தபோது, அதே புரதம் மறுபடியும் இணைப்புகளின் மேல் ஒட்டியிருந்தது. மூளையில் அமிலாய்டு படிவுகள் (அல்சைமரில் காணப்படும் புரதக் கட்டிகள்) சேர்வதற்கு முன்பே இணைப்புகள் குறைய ஆரம்பித்திருந்தன. சி1கியூவைத் தடுத்தபோது இழப்பு குறைந்தது. எலியில் நடந்தது அப்படியே மனிதனுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குஞ்சின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதையைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் இல்லையென்றால், முதுமையில் எங்கே தேட வேண்டும் என்பதே தெரிந்திருக்காது.

மூளையை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனையும் பாருங்கள். அதற்குக் காரணமான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அறிகுறிகள் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தெரியும். ஆனால் 2020இல் பிரான்ஸில் ஒரு குழு, அந்த மரபணுக் கோளாறு உள்ள 13 வாரக் கருக்களின் மூளைத் திசுவிலேயே வளர்ச்சி மாறியிருப்பதைக் கண்டது. கருவிலேயே தலையெழுத்து முடிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த மூளைகள் பல பத்தாண்டுகள் நன்றாகவே இயங்குகின்றன. எப்படிச் சமாளிக்கின்றன? எனக்கு இதுதான் மிகப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கருவின் மூளையை ஆராய்கிற ஒருவரின் விண்ணப்பம் வரும்போது, "இதனால் நோயாளிக்கு உடனே என்ன பயன்?" என்று கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். வளர்ச்சியை ஆராய்கிறவர்களையும் நோயை ஆராய்கிறவர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று வருடப் பணம் இதற்குப் போதாது. மெதுவாக வளர்ந்து மெதுவாகச் சிதைகிற உறுப்பைப் பின்தொடர நீண்ட கால நிதி வேண்டும். அல்சைமருக்கு இப்போது வந்திருக்கும் லெக்கானெமாப் போன்ற மருந்துகள்கூட ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சரிவை ஓரளவு தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். போன இணைப்பு திரும்புவதில்லை. அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

தனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்த காலத்திலேயே, இறந்த பிறகு தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் படிவத்தை வாசித்துக் காட்டியபோது ஒன்றுதான் கேட்டார்: "உண்மையிலேயே யாராவது எடுத்துப் பார்ப்பார்களா?" பார்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்