நோர்ன் மொழியில் எதைக் களைவது, எதை விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிந்த மொழிகளை மீட்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் வழங்கி அழிந்த ஸ்காண்டிநேவிய மொழியான நோர்னிலிருந்து ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்லாந்து மொழி) சொற்களைக் களைந்துவிட்டால் பழைய மொழி கிடைத்துவிடும் என்கிறது. அப்படிச் செய்தால் கிடைப்பது நோர்ன் அல்ல. யாரும் ஒருநாளும் பேசாத ஒன்று.

டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்தியான் மகளின் சீதனத்துக்காக 1468-இல் ஆர்க்னியையும் 1469-இல் ஷெட்லாந்தையும் ஸ்காட்லாந்திடம் அடமானம் வைத்தார். அடமானம் மூழ்கிப்போனது. அதன்பின் முந்நூறு ஆண்டுகள் நோர்னும் ஸ்காட்ஸும் ஒரே வாயில் புழங்கின. எனவே ஒரு சொல் அந்நியமா என்று கேட்பதைவிட, அது எப்போது நுழைந்தது என்று கேட்பதே முறை.

இதைச் சோதிக்க நல்ல கருவி ஒன்று உண்டு. பரமண்டல ஜெபம் நோர்னில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: ஆர்க்னி வடிவம் 1700-இல் அச்சானது, ஷெட்லாந்தின் ஃபூலா தீவு வடிவத்தை 1774-இல் அங்கு பயணம் வந்த ஜார்ஜ் லோ எழுதிக்கொண்டார். ‘தீமையினின்று இரட்சித்துக்கொள்ளும்’ என்ற இடத்தில் ஒன்றில் ‘டெலிவெரா’, மற்றதில் ‘டெலிவ்ரா’. வேர் அந்நியம், கடைசி ‘ஆ’ ஸ்காண்டிநேவிய வினை விகுதி. இரண்டு தீவுக்கூட்டங்களிலும், 74 ஆண்டு இடைவெளியிலும், உள்ளூர் விகுதியோடு நிற்கும் சொல் மொழி உயிரோடிருந்தபோதே ஏற்ற கடன். அதில் கைவைக்கக் கூடாது. ஃபூலா வடிவத்தின் ‘கெய்ன்ஸ்ட்’ (எதிராக) வேறு மாதிரி. ஆர்க்னியில் அதே இடத்தில் பழைய நோர்ஸிலிருந்து (ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதை) வந்த ‘மூதா’ என்ற சொல்லே இருக்கிறது. ஆகவே ‘கெய்ன்ஸ்ட்’ பிற்காலக் கலப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; அதை மாற்றலாம்.

ஃபூலாவின் ‘பட்’ (ஆனால்) ஸ்காட்ஸ் என்று அதைத் தள்ளி ஆர்க்னியின் ‘மின்’னை வைக்கிறோம் என்று வையுங்கள். அந்த ‘மின்’னும் வட ஜெர்மனியில் வழங்கிய கீழ் ஜெர்மன் மொழி பேசிய வணிகர்களிடமிருந்து ஸ்காண்டிநேவியாவுக்கு வந்த சொல்தான். தூய்மையைத் தேடிக்கொண்டே போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

விடுபட்ட இடங்களை நிரப்ப வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளின் மொழியைத் தேடிப்போவது இயல்பு, அதுதான் நெருங்கிய உறவு. ஆனால் ஃபாரோ சொல்லை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. ரொட்டிக்குப் பழைய நோர்ஸில் ‘ப்ரௌத்’. ஃபாரோவில் அது ‘ப்ரெய்’ என ஒலிக்கிறது. ஃபூலா ஜெபத்தில் ‘ப்ரௌ’. ஃபாரோவை நகலெடுத்தால் உயிரொலியே தவறிவிடும். பழைய நோர்ஸ் வடிவத்தை முதலில் வைத்து, தீவின் ஒலிமாற்றங்களை அதன்மேல் ஏற்றி, பிறகுதான் ஃபாரோவோடு ஒப்பிட வேண்டும். இப்படி ஊகித்த ஒவ்வொரு வடிவத்துக்கும் உடுக்குறி (*) இடுவது கட்டாயம். இல்லையேல் பத்தாண்டில் ஊகம் சான்றாகிவிடும்.

லோவுக்கு நோர்ன் தெரியாது. அது குறையாகத் தோன்றினாலும் சில இடங்களில் அதுவே நமக்குப் பலம். ‘எல்லாத் தீமையினின்றும்’ என்பதை அவர் ‘அட்லு இட்லு’ என்று காதில் விழுந்தபடி எழுதினார். பழைய இரட்டை லகரம் ‘ட்ல்’ ஆகும் இந்த மாற்றம் ஃபாரோவிலும் ஐஸ்லாந்திலும் உண்டு. மொழி அறியாதவர் இல்லாத டகரத்தைக் கற்பனையாகச் சேர்த்திருக்க முடியாது.

இன்னொரு பொறி சொல் தொகுப்பில் இருக்கிறது. ஃபாரோ அறிஞர் யாகோப் யாகோப்சென் 1893 முதல் 1895 வரை ஷெட்லாந்தில் சுமார் 10,000 சொற்களைத் திரட்டினார். நோர்ன் அதற்குள் மறைந்துவிட்டது. அவர் கேட்டது ஸ்காட்ஸ் பேச்சில் தங்கிய எச்சங்களை. அவற்றில் கணிசமானவை மீனவர் கடலில் மட்டும் சொன்ன மறைசொற்கள். கடலில் தேவாலயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஆகாது என்பதால் ‘பெனிஹூஸ்’, அதாவது வேண்டுதல் வீடு, என்றனர். அகராதியில் கண்டவுடன் அதுவே தேவாலயத்துக்கான நோர்ன் சொல் என்று எடுத்தால் தவறு. கரையில் வழங்கிய ‘கிர்க்யா’ என்ற சொல் ஆர்க்னியின் கிர்க்வால் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மொழியியல் வாசகர், தஞ்சாவூர்