உரிமச் சிக்கலைத் தீர்த்துத் தந்த அனைவருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நம் லினக்ஸ் உதவி விக்கியின் எல்லாப் பக்கங்களும் இப்போது கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தின் (எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், திருத்தினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்னும் உரிமம்) கீழ் வந்துவிட்டன. இதற்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளர்கள் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.

புதியவர்களுக்காகச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பழைய பக்கங்கள் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தன. புதியவை கிரியேட்டிவ் காமன்ஸில். இரண்டுமே கட்டற்றவைதான், அதாவது யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று இரண்டுமே கேட்பதால், ஒன்றோடு ஒன்றைக் கலக்க முடியவில்லை. எழுத்துரு நிறுவும் பகுதியைப் பழைய பக்கத்திலிருந்து எடுத்துப் புதிய கையேட்டில் சேர்க்கக்கூட வழியில்லை. விக்கிப்பீடியாவுக்கு இதே முடிச்சு 2009-ல் அவிழ்ந்தது. 2008 நவம்பரில் வந்த குனூ உரிமத்தின் 1.3 பதிப்பு, விக்கிகள் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறிக்கொள்ள 2009 ஆகஸ்ட் 1 வரை தவணை தந்திருந்தது. நம் பக்கங்களோ அதற்குப் பிறகு எழுதப்பட்டவை. எழுதியவர் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்க வேண்டியதாயிற்று.

பக்க வரலாறுகளைப் புரட்டி, புனைபெயரில் எழுதியவர்களைத் தேடிப்பிடித்த கல்லூரி மாணவர்களே, நீங்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. எந்தப் பக்கம், எந்த உரிமம் என்று ஐயமில்லாமல் சொல்லும் இசைவுக் கடிதத்தை எழுதித் தந்த வழக்கறிஞர் அண்ணன் ஒரு பைசா வாங்கவில்லை.

அச்சுப்பொறி பற்றிய பக்கங்களை ஏறக்குறையத் தனியாளாக எழுதிய ஐயா இன்று நம்மிடையே இல்லை. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை தொடரும். அது வாரிசுகளைச் சேரும். அவர் மகளிடம் கேட்கவே தயங்கினோம். அவரோ அம்மாவிடமும் தம்பியிடமும் பேசி, மூவரும் கையெழுத்திட்ட கடிதத்தை அனுப்பிவைத்தார். "அப்பா பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தார். எடுக்கமாட்டோம், அம்மா. உரிமமே அதைக் கேட்கிறது, கேட்காவிட்டாலும் எடுத்திருக்கமாட்டோம்.

இசைவு தர விரும்பாத சிலர் அதை நேராகச் சொன்னார்கள். அது அவர்கள் உரிமை. தெளிவாகச் சொன்னதற்கு அவர்களுக்கும் நன்றி. அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு, பழைய வரிகளைப் பார்க்காமல், ஒவ்வொரு கட்டளையையும் தங்கள் கணினியில் ஓட்டிச் சரிபார்த்துப் புதிதாக எழுதித் தந்த தோழர்களுக்குத் தனி வணக்கம். புதிய வைஃபை பக்கம் பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது.

பள்ளி ஆசிரியர்கள் இனி இவற்றைத் தாராளமாக அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம், தேவைக்கேற்பத் திருத்தலாம். பங்களிப்பாளர் பட்டியலையும் உரிமக் குறிப்பையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். திருத்தியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
விக்கிப் பொறுப்பாளர்கள் சார்பில்